கண்மடல் இரண்டு சோடி

சுகிர்தன் பன்னிரண்டு வருடமாக ஒரே ஒரு பொய்யோடுதான் குடும்பம் நடத்தி வந்தான். பெண் விசயமோ குடி விசயமோ அல்ல, கண் விசயம்.

முள்ளியவளையில் அவனுக்குப் பெண் பேசிய காலத்தில், பெண்ணின் தாய் நாகேஸ்வரி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். மாப்பிள்ளை கண்ணாடி போடாதவராக இருக்க வேண்டும். சாதகம், சீதனம், சொந்தபந்தம் எல்லாம் அதற்குப் பிறகு. அவருடைய காலஞ்சென்ற கணவர் தடித்த கண்ணாடி போட்டவர். அதைக் கழற்றி எங்கே வைத்தார் என்பது ஒருநாளும் அவருக்கு ஞாபகம் இருந்ததில்லை. "அந்த மனிசன்ர கண்ணாடியைத் தேடித் தேடியே என்ர பாதிச் சீவியம் போச்சுது. என்ர பிள்ளையும் தேடிக்கொண்டு திரியோணுமோ?" என்று கேட்டு, ஒரு வாத்தியாரையும் ஒரு வங்கிக்காரரையும் ஏற்கனவே திருப்பி அனுப்பியிருந்தார்.

சுகிர்தனின் கண்ணாடி அந்த இரண்டு பேருடையதையும் சேர்த்து அடுக்கினாலும் அதைவிடத் தடிப்பு. தரகர் கெட்டிக்காரர், கண்ணாடி இல்லாத படத்தைத்தான் காட்டியிருந்தார். சுகிர்தன் பார வாகன லைசன்ஸ் அலுவல் என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறினான். இரண்டு கண்ணுக்கும் லேசர் அடித்துக்கொண்டு வந்தான். பெண் வீட்டு விறாந்தையில் கதிரையில் இருந்தபடியே, எதிர்ச் சுவரில் தொங்கிய கலண்டரின் அடியில் எறும்பு மாதிரி அச்சிட்டிருந்த அச்சகத்தின் பெயரைச் சத்தமாக வாசித்தான். மாமியாகப் போகிற நாகேஸ்வரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மூன்றாவது கிழமையே கலியாணம் முடிந்தது. அன்றிலிருந்து ஊரெல்லாம், "என்ர மருமகனுக்குக் கழுகுக் கண்" என்றுதான் கதை.

கலியாணமாகி மூன்றாம் மாதம், அலுமாரிக்குள் கிடந்த கொழும்புக் கண் டொக்டரின் பழைய மருந்துச் சீட்டொன்று மனைவி ராஜினியின் கையில் அகப்பட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். அவனும் சொல்லவில்லை.

கழுகுக் கண் பதினொரு வருடம் நன்றாக ஓடியது. முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போகிற தனியார் பஸ் ஒன்றில் சுகிர்தன் சாரதி. அவன் வளைவு எடுக்கிற விதத்துக்காகவே அந்தப் பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறுகிற சனம் இருந்தது. பிறகு மெல்ல மெல்லக் குழம்பத் தொடங்கியது. முதலில் எதிரே வருகிற வெளிச்சங்களுக்கு வால் முளைத்தது. அப்புறம் ஒரு மோட்டார் சைக்கிள் மூன்றாக வந்தது, அவன் மூன்றுக்கும் ஒதுங்கி வழிவிட்டான். ரோட்டில் நின்ற ஒரு மாட்டுக்கு மூன்று தரம் ஹோர்ன் அடித்தான். "என்ன அண்ணை, கண் தெரியேல்லையோ?" என்று கொண்டக்டர் கேட்டால், "எனக்கென்ன, எல்லாம் வடிவாத் தெரியுது" என்பான். இந்த வசனத்தை அவன் ஏழு மாதம் சொன்னான்.

ஒருநாள் நெடுங்கேணிக்குக் கிட்ட, கையை நீட்டிக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவருக்காகப் பஸ்ஸை நிறுத்தி, "ஏறுங்கோ ஐயா, கெதியா ஏறுங்கோ" என்று இரண்டு தரம் கூப்பிட்டான். ஐயா ஏறவில்லை. அவர் மிளகாய்த் தோட்டத்தில் காகம் விரட்ட நட்டிருந்த வைக்கோல் வெருளி. பஸ் முழுதும் சிரித்தது. பஸ்ஸின் முதலாளி பாலன் மட்டும், கதை காதுக்கு வந்தபோது சிரிக்கவில்லை.

"கண்ணைச் சரிப்பண்ணி, டொக்டரிட்ட லைசன்ஸ் மெடிக்கல் எடுத்துக்கொண்டு வா. மூண்டு மாதம் பாப்பன். அதுக்கு மேல வேற ஆளைத்தான் போடுவன்" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

பதினொரு வருடம் விடிய ஐந்தரைக்கு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டவன் சுகிர்தன். இப்போதும் ஐந்தரைக்கு எழும்பினான். முற்றத்தில் நின்று, தன் பஸ்ஸை வேறு யாரோ ஓட்டிப் போகிற சத்தத்தைக் கேட்டான். கியர் மாற்றுகிற இடமெல்லாம் பிழை. அவனுக்கு அழுகை வந்தது. ஏன் வேலைக்குப் போகவில்லை என்று மாமி கேட்டபோது, "வெயிலும் தூசியும் கண்ணில பட்டது மாமி, மருந்துக்குச் சொல்லிக் குடுத்திருக்கு" என்று ஒரு புதுப் பொய்யைப் பழைய பொய்யின் மேல் வைத்தான்.

வவுனியாவில் ஒரு கண் நிலையத்தில் கஜனி என்று ஒரு பெண் வேலை செய்தாள். கண்ணுக்கு லென்ஸ் அளந்து பொருத்துவது அவள் வேலை. முப்பது வயதுகூட இராது, ஆனால் பொறுமை எண்பது வயதுக்காரியுடையது. அவள் சுகிர்தனின் கண்ணைக் கணினியில் படம் எடுத்து, சிவப்பும் மஞ்சளுமாக இருந்த அந்தப் படத்தை அவனுக்குக் காட்டினாள்.

"கண்ணாடி போட்டால் சரிவராதோ மிஸ்?" என்று கேட்டான். பன்னிரண்டு வருடம் எந்தச் சொல்லுக்குப் பயந்தானோ அந்தச் சொல்லை அவனே வாயால் சொன்னான்.

"வராது அண்ணா. லேசர் செய்த இடம் மெலிஞ்சு, வெளியால தள்ளிப்போட்டுது. நீங்கள் பஸ் ஓடுறனீங்கள்தானே? ரோட்டு குண்டும் குழியுமாக் கிடக்கு எண்டு வைப்பம். மழை பெய்து தண்ணி நிரம்பினால் மேல மட்டமாத் தெரியும் எல்லோ? இந்தப் பெரிய லென்ஸும் அப்பிடித்தான். வெள்ளை முழியில குந்தி இருக்கும். கரு முழியில முட்டாது. ரெண்டுக்கும் நடுவில தண்ணி நிக்கும், பள்ளம் தெரியாது."

"அந்தத் தண்ணியை நம்பி விட்டுத்தான் மிஸ் எத்தினை பஸ் அக்சில் முறிஞ்சது" என்றான் சுகிர்தன். கஜனி சிரித்தாள், ஆனால் கை நிற்கவில்லை. சட்டைப் பொத்தானைவிடப் பெரிதாக, சின்னக் கிண்ணம் மாதிரி இருந்த ஒரு லென்ஸை எடுத்து, விரல் நுனியளவு றப்பர் பிடியில் ஒட்டி, அதற்குள் சுத்தமான உப்புநீரை விளிம்புவரை ஊற்றினாள்.

"குனியுங்கோ. இன்னும் குனியுங்கோ. வாளி கிணத்துக்குள்ள விழுந்திட்டுது, எட்டிப் பாக்கிறீங்கள். முகம் நிலத்தைப் பாக்கோணும். கண்ணை மூடக்கூடாது."

சுகிர்தன் கண்ணை மூடினான். உப்புநீர் சட்டையில் ஊற்றியது. இரண்டாம் தரமும் மூடினான். மூன்றாம் தரம் கண்ணை மூடாமல் வாயை மூடிக்கொண்டு மூச்சை அடக்கினான், லென்ஸ் போனது, ஆனால் உள்ளே காற்றுக் குமிழி ஒன்று மாட்டிக்கொண்டது. மறுபடியும் எடுத்து மறுபடியும் ஊற்றினாள். ஒன்பதாம் தரம் எல்லாம் சரியாக அமைந்தபோது, அவன் சட்டையைப் பிழிந்தால் ஒரு நாள் கறிக்கு உப்பு வரும்.

கஜனி மஞ்சள் மருந்தொன்றைத் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தாள். "இது விளிம்பில நரம்பை நெரிக்குது" என்று எடுத்தாள். அடுத்தது தளர்ந்து மிதந்தது. மூன்றாவதைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் இருக்கச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்க்கச் சொன்னாள். சுவர் மணிக்கூட்டில் வினாடி முள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு முள். யன்னலுக்கு வெளியே நின்ற வேம்பில் இலைகள் தனித்தனியாக ஆடின. கடைசிச் சின்ன எழுத்துவரை வாசித்துவிட்டு, சுகிர்தன் கதிரையிலிருந்தபடியே விம்மி விம்மி அழுதான்.

"அழாதேங்கோ அண்ணா, அளவெடுத்து முடியேல்லை" என்றாள் கஜனி.

லென்ஸைக் கழற்றுவதற்கு இன்னொரு சின்ன றப்பர் இருந்தது. அதை ஒட்டி இழுத்தபோது, கண்ணே கழன்று வந்துவிட்டதென்று அவன் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அவன் அளவுக்குச் செய்த லென்ஸ் வந்து சேர ஆறு கிழமையாகும் என்றாள். அந்த ஆறு கிழமையும் மாமி சும்மா இருக்கவில்லை. ஊரில் ஒரு சின்ன அம்மன் கோயில் உண்டு. கண் வருத்தம் மாறினால் அங்கே கண்மடல் வைப்பது வழக்கம். வெள்ளித் தகட்டில் கண் மாதிரி வெட்டிய சின்னச் சோடி அது. "மருமகனுக்குக் கண் மருந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை கண்மடல் வைப்பன் தாயே" என்று மாமி நேர்ந்துகொண்டார். நேர்ந்தது அவர், வவுனியாவில் வாங்கி வரவேண்டியது மருமகன்.

லென்ஸ் ஒரு வியாழக்கிழமை வந்தது. கஜனி அதைப் போட்டுப் பார்த்து, போடவும் கழற்றவும் கழுவவும் அரை நாள் பழக்கி, மருந்துத் தண்ணீர் நிரப்பிய சின்னப் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமை மெடிக்கல். அதைத் தவறவிட்டால் மறுதிகதி இரண்டு மாதம் கழித்துத்தான், பாலன் கொடுத்த மூன்று மாதமோ அந்தக் கிழமையோடு முடிகிறது. சுகிர்தன் இதையெல்லாம் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தான். கண்மடலை மட்டும் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிய அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றபோது மாமி குசினி வாசலில் நின்று கேட்டார்.

"தம்பி, கண்மடல் வாங்கினீங்களோ?"

உண்மையைச் சொன்னால் அரை மணித்தியாலம் ஏச்சு. மாமி பின்னேரப் பூசைக்குத்தான் போவார், அதற்குள் யாரையாவது முல்லைத்தீவுக்கு அனுப்பி எடுப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டான்.

"ஓம் மாமி, வாங்கியாச்சு. மேசையில பெட்டிக்குள்ள கிடக்கு" என்றான் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு.

மாமி காலைப் பூசைக்கே போய்விட்டார்.

சுகிர்தன் குளித்துச் சாப்பிட்டு முடித்து, கஜனி சொன்னபடி சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவித் துடைத்து, முகம் பார்க்கிற கண்ணாடியை மேசையில் படுக்கப் போட்டு, றப்பரையும் உப்புநீரையும் எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்தான். மருந்துத் தண்ணீர் இருந்தது. லென்ஸ் இல்லை. இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. மேசைக்குக் கீழே தடவினான். ஏற்கனவே போட்டுவிட்டேனோ என்று யன்னலால் எட்டிப் பார்த்தான், தென்னைமரம் மூன்றாக நின்றது.

"ராஜினி! என்ர கண்ணைக் கண்டனியோ?"

"அம்மா கோயிலுக்குக் கொண்டு போட்டா" என்றாள் ராஜினி. "நீங்கள்தானே மேசையில கிடக்கு எண்டு சொன்னனீங்கள்?"

அந்த நேரம் மாமி நெற்றி நிறைய விபூதியோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"நல்ல மெல்லிசு வெள்ளி தம்பி. கையில எடுத்தால் பாரமே தெரியேல்லை. தீர்த்தத்தில ஊறப்போட்டு வேற தந்திருக்கிறாங்கள். வெத்திலையில வைச்சுக் குடுத்தன், ஐயர் அர்ச்சனை செய்து கண்மடல் தட்டில கொட்டிப்போட்டார்."

சுகிர்தன் கதிரையில் இருந்துவிட்டான். "மாமி, அது கண்மடல் இல்லை. என்ர கண்ணுக்குள்ள வைக்கிற சாமான்."

"அப்ப கண்மடல் எங்க?"

"வாங்க மறந்திட்டன்."

மாமி கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மனுக்கே பொய்யோ?" என்றார்.

"அம்மனுக்கில்லை மாமி, உங்களுக்குத்தான்."

"அது அதைவிட மோசம்" என்றார் மாமி.

கோயிலுக்கு ஓடிப் போய்த் தட்டைப் பார்க்கலாம் என்றால் அது முடியாது. கண்மடல் தட்டு இருக்கிற இரும்பு அலுமாரிக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் திறப்பு கோயில் சபைத் தலைவர் கனகலிங்கத்திடம், மற்றது செயலாளர் தங்கராசாவிடம். போன வருடத் திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று பிரச்சினை வந்து, பத்து நாளும் அது தங்கராசாவின் படுக்கையறையைப் பார்த்தே பாடியது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒருவர் மற்றவரை நம்பாமல் ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிய ஒருவர் வந்து பூட்டிவிட்டுப் போனபின்தான் மற்றவர் வருவார். பிறகு அடுத்த வெள்ளிவரை அலுமாரி திறப்பதில்லை.

சுகிர்தன் சைக்கிளில் ராஜினிக்குப் பின்னால் குந்திக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனான். "எழுத்தில தாரும். தலைவருக்கு எண்டு விலாசம் போட்டுத் தாரும்" என்றார் கனகலிங்கம். செயலாளர் வீட்டுக்குப் போனார்கள். "கடிதம் எல்லாம் செயலாளருக்குத்தான் வரவேணும். முழு விபரத்தோட எழுதும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சபையில வாசிச்சுத்தான் முடிவு" என்றார் தங்கராசா. எழுத்து மூன்றாகத் தெரிகிறவன் என்னத்தை எழுதுவது? ராஜினிதான் இரண்டு கடிதமும் எழுதினாள். அவள் பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். முழு விபரம் என்று கேட்டால் ஒன்றையும் விட்டுவிட்டு எழுத அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நாற்பது பேருக்கு மேல். கண்ணைத் தொலைத்தவன் கதை அதற்குள் ஒட்டுசுட்டான்வரை போயிருந்தது. தங்கராசா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"'எனது கணவரின் இரு கண்களிலும், பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர், அதாவது எமது திருமணத்துக்கு மூன்று கிழமைகளுக்கு முன்பாக, கொழும்பில் லேசர் சத்திரசிகிச்சை செய்யப்பட்டதன் விளைவாக...'"

சுகிர்தன் நிலத்தைப் பார்த்தான். ராஜினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்கள் பக்கத்திலிருந்து மாமி எழும்பினார்.

"கனகலிங்கம், அந்த இடத்தைத் திரும்ப வாசியும்."

"நான் தங்கராசா" என்றார் செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு. மறுபக்கம் கனகலிங்கத்துக்கும் முகம் சிவந்தது. மாமி வேண்டுமென்றே இரண்டு பேருக்கும் குத்துகிறார் என்று நினைத்துச் சனம் ரசித்தது.

"மூண்டு கிழமைக்கு முதலோ தம்பி?" என்று மாமி கேட்டார்.

"ஓம் மாமி."

"அப்ப அந்தக் கலண்டர்?"

"அது உண்மையாத்தான் வாசிச்சனான் மாமி."

கோயில் என்றும் பாராமல் சனம் சிரித்தது. மாமி மட்டும் சிரிக்காமல் இருந்துவிட்டார். அவர் ஏசியிருந்தால்கூடச் சுகிர்தனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கனகலிங்கம் எழும்பினார். "அம்மனுக்குக் குடுத்தது குடுத்ததுதான். திருப்பி எடுக்கிற வழக்கம் இஞ்ச இல்லை."

அதுவரை தங்கராசாவுக்கும் அதே எண்ணம்தான். ஆனால் தலைவர் சொன்னபிறகு அவர் எப்படி அதைச் சொல்வது? "ஐயா, சபையின்ர யாப்பில அப்பிடி ஒரு விதி இல்லை எண்டு தலைவருக்குச் சொல்லிவிடுங்கோ" என்று ஐயரைப் பார்த்துச் சொன்னார். "யாப்பை எழுதினதே நான் எண்டு செயலாளருக்குச் சொல்லிவிடுங்கோ" என்றார் கனகலிங்கம், அவரும் ஐயரைப் பார்த்தே.

பதினான்கு மாதமாக இந்தத் தபால் வேலையைச் செய்து களைத்த மனிதர் ஐயர். "அம்மனுக்குப் பார்வைக் குறைவு ஒண்டும் இல்லை" என்றார். "அந்தச் சாமான் அவாவுக்குத் தேவைப்படாது. ரெண்டு பேரும் வந்து திறவுங்கோ."

திறந்தார்கள். தட்டு நிறைய வெள்ளிக் கண்கள், முந்நூறாவது இருக்கும். சுகிர்தனுக்கு அது தொள்ளாயிரம். அவ்வளவு கண்ணும் பொய்யனைப் பார்க்கிற மாதிரியே அவனைப் பார்த்தன. இதற்குள் நிறமே இல்லாத இரண்டு கண்ணை எப்படித் தேடுவது? ராஜினி கஜனிக்குப் போன் போட்டுச் சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள்.

"கோயில் அலுமாரிக்குள்ளயோ?" என்று கஜனி இரண்டு தரம் கேட்டாள். பிறகு பழைய பொறுமையோடு, "சரி. ஒருத்தரும் தேய்க்க வேண்டாம். தண்ணியில கழுவ வேண்டாம். விபூதி போட வேண்டாம்" என்றாள். விபூதித் தட்டுக்கு நீண்டிருந்த ஐயரின் கை திரும்பி வந்தது. "போன் லைட்டைச் சாய்வா அடிச்சுப் பாருங்கோ, விளிம்பு மினுங்கும்."

முதலாவது லென்ஸ் வாடிய வெற்றிலைக்கு அடியில் இருந்தது. இரண்டாவதைத் தேடித் தட்டைத் தூக்கியபோது, 'டிக்' என்று நிலத்தில் ஒரு சத்தம். எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். கனகலிங்கம் மட்டும் ஒரு அடி வைக்கக் காலைத் தூக்கினார்.

"கனகலிங்கம்! காலை வையாதையும்!" என்று கத்தினார் தங்கராசா.

"எந்தக் காலை?"

"தூக்கின காலையப்பா!"

தலைவர் ஒற்றைக் காலில் ஆடினார், விழாமலிருக்கச் செயலாளரின் தோளைப் பிடித்தார். அவர் குதிக்காலுக்கு நேர் கீழே கிடந்தது லென்ஸ். ராஜினி குனிந்து அதை எடுத்து முடியும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். அதற்குப் பிறகு, தூக்கியது இடது காலா வலது காலா என்று இருவருக்கும் ஒரு வாக்குவாதம் தொடங்கியது. ஐயருக்கு அதில் வேலை இருக்கவில்லை.

அன்றிரவு லென்ஸ் இரண்டும் மருந்துத் தண்ணீரில் கிடந்தன. திங்கட்கிழமை விடிய மாமி சேலை கட்டிக்கொண்டு நின்றார். "உங்களை இனித் தனிய விட ஏலாது" என்றார். கஜனி லென்ஸை நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்து, "சந்தனம்" என்றாள். இன்னொரு தரம் கழுவினாள். வெடிப்பு இல்லை. போட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்து, சரி என்றாள். போகும்போது மாமியையும் கதிரையைக் காட்டி, "அம்மா, நீங்களும் ஒருக்கா இருங்கோவன், பாப்பம்" என்றாள்.

"எனக்கென்ன பிள்ளை, எல்லாம் வடிவாத் தெரியுது" என்றார் மாமி.

மெடிக்கலில் சுகிர்தன் அட்டையை மேலிருந்து கீழ்வரை மூச்சுவிடாமல் வாசித்தான். டொக்டர் படிவத்தைப் பார்த்து, "கண்ணில முந்தி ஏதும் சத்திரசிகிச்சை?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடப் பழக்கம், அவன் வாய் 'இல்லை' என்று தானாகத் திறந்தது.

"ஓம் டொக்டர்" என்றார் பின்னால் நின்ற மாமி. "எங்களுக்குச் சொல்லேல்லை. உங்களுக்காவது சொல்லட்டும்."

சுகிர்தன் எல்லாவற்றையும் சொன்னான். டொக்டர் கஜனி கொடுத்த கடிதத்தையும் வாசித்துவிட்டு, லென்ஸ் போட்டுத்தான் ஓட வேண்டும், ஆறு மாதத்துக்கொருமுறை கண்ணைக் காட்ட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வெளியே வந்த கையோடு பாலனுக்குப் போன் எடுத்தான்.

பத்து நாளில் சாவி கைக்கு வந்தது. விடிய ஐந்தரைக்கு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், சாரதிக்குப் பின் சீற்றில் மாமி இருந்தார். கண்மடலை இந்தமுறை அவரே போய் வாங்குவாராம். வவுனியாவில் வெள்ளிக் கடையில் ஒரு சோடி எடுத்தார், பிறகு இன்னொரு சோடி எடுத்தார்.

"ரெண்டு என்னத்துக்கு மாமி?"

"ஒண்டு உங்கட கண்ணுக்கு. மற்றது பொய்க்கு" என்றார். சுகிர்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

திரும்பி வரும்போது மாமி சோதனை வைக்கத் தொடங்கினார். "தம்பி, அந்தப் பலகையில என்ன எழுதிக் கிடக்கு?" ஓமந்தை என்று வாசித்தான். "அதில?" உரக் கடையின் பெயரை வாசித்தான், டெலிபோன் இலக்கத்தோடு வாசித்தான். பஸ்ஸில் இருந்த சனமும் சேர்ந்து ரசித்தது. கழுகுக் கண் திரும்பி வந்துவிட்டது, மாமி மன்னித்துவிட்டார் என்று அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

புளியங்குளம் சந்தி வந்தது. பலகை கதவு அளவு, எழுத்து ஒவ்வொன்றும் சாண் உயரம்.

"இது எந்த இடம் தம்பி?" என்று மாமி கேட்டார்.

"இதுகூடவோ மாமி சோதனை?" என்று சிரித்துக்கொண்டு தலைக்கு மேலிருந்த பஸ் கண்ணாடியில் பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினான். மாமி பலகையைப் பார்க்கவில்லை. ரோட்டின் மற்றப் பக்கத்தில் நின்ற ஒரு மரத்தை, கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுருக்கலை அவனுக்குத் தெரியும். ஏழு மாதம் அவன் முகத்தில் இருந்தது அதுதான்.

பஸ்ஸை ஓரமாக நிறுத்தினான். சனம் இறங்கி ஏறியது.

"மாமி" என்றான் மெதுவாக. "அண்டைக்குப் பெட்டிக்குள்ள கிடந்தது என்ன நிறம்?"

"வெள்ளி நிறம்தான். வேற என்ன?"

"அதுக்கு நிறமே இல்லை மாமி."

மாமி மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தார். "எனக்கென்ன, எல்லாம் வடிவா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

"எவ்வளவு காலமா மாமி?"

"ரெண்டு வருசம் இருக்கும்." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "கண்ணாடிக்காரர் வேண்டாமெண்டு ஊரெல்லாம் திருப்பி அனுப்பிப்போட்டு, இப்ப நான் போட்டுக்கொண்டு திரியிறதோ?"

சுகிர்தனுக்கு அப்போதுதான் கடையில் சொன்னது ஞாபகம் வந்தது. "அப்ப மற்றச் சோடி?"

"பொய்க்கு எண்டு சொன்னனான்தானே. ஆரின்ர பொய் எண்டு நீங்கள் கேக்கேல்லை."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "செவ்வாய்க்கிழமை கஜனி மிஸ்ஸிட்டப் போறம் மாமி" என்று மட்டும் சொல்லி, பஸ்ஸை நெடுங்கேணி ரோட்டில் திருப்பினான்.

மாமி சீற்றிலிருந்து முன்னால் சாய்ந்து, அவன் காதுக்குக் கிட்ட வந்தார். "ராஜினிக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

ரோட்டின் நடுவில் ஒரு மாடு நின்றது. சுகிர்தன் ஒரே ஒரு தரம் ஹோர்ன் அடித்தான்.